ஆசிரியன் அளிக்கும் காற்கூறு

தொழில்கள் பலவற்றுள்ளும் ஆசிரியத் தொழில் ஒரு தனித்தன்மை உடையது. தச்சன் செய்த நாற்காலியில் உடனே அமர்ந்து பார்த்து அதன் நன்மை தீமையைக் கூறிவிடலாம். உழவன் இட்ட வித்து சில திங்களில் கதிராகிக் களத்திற்கு வந்துவிடும். ஆசிரியன் செய்யும் வேலையோ அவன் கண்ணுக்குப் புலனாகாத இடத்தில், பிறனொருவன் உள்ளத்தில் நிகழ்கின்றது. அதன் பயன் வெளிப்படப் பல ஆண்டுகள் செல்லலாம். ஆதலின், இத்தொழிலை மேற்கொள்ளக் கருதுவோர், தாம் யாது செய்யப் புகுகின்றனர், அதனை எவ்வாறு செய்வர் என்பவற்றை முன்னரே ஆராய்ந்து தெளிதல் வேண்டும். ஆசிரியப் பயிற்சி பெறுவோர் தத்தம் கல்விக் கொள்கையை எழுதித் தருதல் இக்காலத்தில் வழக்கமாய் இருக்கின்றது. அவ்வாறு எழுதப்படுவனவற்றுள் உயர்ந்த சொற்களுக்குக் குறைவில்லை. ஒழுக்கம், நாட்டுப்பற்று, ஆளுமை வளர்ச்சி என்பன யாவும் அவற்றில் வரிசையாக வந்து நிற்கும். ஆயினும், கடைப் பலகையில் அமர்ந்து, வினாவிற்கு விடை தோன்றாமல் தலைகுனியும் சிறுவன் ஒருவனுக்கு நாளைக் காலை அக்கொள்கை என்ன செய்யும் என்று கேட்போமாயின், அச்சொற்களுட் பல வாளாவிருக்கும்.

இக்கலாசாலையினின்றும் வெளியேறி ஆசிரியராக அமையக் கருதும் யாம், எமக்கென ஒரு கொள்கையை வகுத்துக்கொள்ளப் புகுந்தபோது, அதனை நெடுந்தூரம் தேடிச் செல்ல நேரவில்லை. மாணாக்கர் பலரும் தேர்வின் பொருட்டு உருப்போட்டு மறந்துவிடும் நன்னூற் பாயிரத்திலேயே அதன் வேர் கிடைத்தது. ஆயினும் அப்பாயிரத்தை முற்றும் ஒப்புக்கொள்ள எம்மால் இயலவில்லை. அதன்கண் யாம் கொள்வது யாது, விடுவது யாது என்பதனை உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சமணப் பெரியாராகிய பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல் ஓர் இலக்கண நூல். அதன் முகப்பில் அமைந்த பொதுப்பாயிரமோ எந்நூலுக்கும் பொதுவானது. நூலின் இயல்பு, ஆசிரியர் இயல்பு, கற்பிக்கும் முறை, மாணாக்கர் இயல்பு, கற்கும் முறை என ஐந்து பகுதிகளாக அது விரிகின்றது. நல்லாசிரியனுக்கு நிலமும் மலையும் துலாக்கோலும் மலரும் ஒப்பாகக் கூறப்படுகின்றன. நிலம் தன்னை அகழ்வாரையும் பொறுத்து, பருவமும் உழைப்பும் எவ்வளவோ அவ்வளவிற்கேற்பப் பயன் தரும். துலாக்கோல் ஐயத்தை நீக்கி, எப்பக்கமும் சாயாது நிற்கும்.

ஆசிரியராகத் தகாதாரைக் குறிக்கும் உவமைகள் இவற்றினும் கூர்மை உடையன. கழற்காய்களைப் பெய்த குடத்தைக் கவிழ்த்தால், அவை இட்ட முறையில் வெளிவாரா. கற்ற வரிசை கெட முன்பின்னாகக் கொட்டும் ஆசிரியன் அத்தகையன். குறுகிய வாயுள்ள குடுக்கையில் பஞ்சை அடைத்தால், சிறிது சிறிதாக வருந்தித்தான் அடைக்கலாம், எடுப்பதும் அவ்வாறே. கொள்ளவும் கொடுக்கவும் இடர்ப்படுவோன் அத்தகையன். மட்டைகள் சூழ்ந்த பனை, தன் பழத்தைத் தானாக வீழ்த்துமேயன்றி எவரையும் அணுகவிடாது. கோணி வளர்ந்த தென்னை, நீர் வார்த்தவனை விட்டு அயலான் தோட்டத்தில் காயை உதிர்க்கும். இந்நான்கு உவமைகளையும் படிப்போர் ஒவ்வொருவரும், தமக்குக் கற்பித்தார் யாரேனும் ஒருவரை எண்ணி நகைத்தல் கூடும். ஆசிரியராகப் போகின்றவர்க்கோ அந்நகைப்பு நெடுநேரம் நில்லாது. நாளை அக்குடமும் பனையும் தாமாகலாம் என்னும் அச்சம் உடனே தோன்றும்.

கற்பிக்கும் முறையைச் சொல்லுமிடத்து அந்நூல், இடமும் காலமும் அறிதல், சொல்லப்புகும் பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்துக்கொள்ளுதல், விரையாமை, வெகுளாமை, விருப்பத்தோடும் முகமலர்ச்சியோடும் இருத்தல், கேட்போனின் கொள்ளும் ஆற்றலை அறிந்து அவன் உள்ளம் ஏற்குமாறு கூறுதல் ஆகியவற்றை வகுக்கின்றது. பயிற்சிக் கல்லூரிகளில் பெரிய நூல்களைக் கொண்டு இன்று கற்பிக்கப்படுவனவற்றுட் பல இவ்வொரு சூத்திரத்துள் அடங்கியிருத்தல் வியப்பிற்குரியது.

இவையெல்லாவற்றிலும் எம் உள்ளத்தைத் தைத்தது, கற்கும் முறையைப் பற்றி அந்நூல் இடும் ஒரு கணக்கு. ஆசிரியன் சொன்னவற்றை மாணவன் குறைவறக் கேட்டுக்கொண்டாலும், புலமையில் காற்பங்குக்கு மேல் அவனுக்கு வாராது. உடன் கற்பாரோடு பழகி ஆராய்வதனால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைப்பதனால் வரும் என்பது அதன் கருத்து. ஆசிரியனை நிலமென்றும் மலையென்றும் போற்றிய நூலே, அவன் தன் வாயால் தரக்கூடியது காற்கூறுதான் என்று வரையறுத்துவிடுகின்றது. இதனை அளவுகோல் கொண்டு அளந்த கணக்காகக் கொள்ளவேண்டுவதில்லை. ஆயினும் இதன் உட்பொருள் மெய்யானது என்பதனை எந்த வகுப்பறையிலும் காணலாம்.

ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டுக என்றால், சிறுவர் பலர் ஐந்தில் இரண்டு என்று எழுதுவர். மேலுள்ள எண்களைக் கூட்டி மேலும், கீழுள்ள எண்களைக் கூட்டிக் கீழும் வைத்துவிடுவர். ஆசிரியர் அதனை அடித்துவிட்டு, கீழெண்களுக்குப் பொது மடங்கு காணவேண்டும் என்னும் விதியைக் கரும்பலகையில் எழுதுகின்றார். வகுப்பு முழுவதும் அதனை ஒருமிக்கச் சொல்லுகின்றது. அன்று கொடுத்த கணக்குகளுக்கெல்லாம் சரியான விடையும் வருகின்றது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால், மீண்டும் ஐந்தில் இரண்டே வந்து நிற்கின்றது. இவ்விடத்தில் மாணவன் மந்தன் என்று முடிவு கட்டுதல் எளிது. உண்மையிலோ அவன் விடை காரணமற்றதன்று. முழு எண்களைக் கூட்டப் பழகியவன், பின்னத்தின் மேலும் கீழும் உள்ளவற்றை இரண்டு தனி எண்களாகக் கண்டு, தனக்குத் தெரிந்த விதியையே அங்கும் செலுத்துகின்றான். ஆசிரியர் சொன்ன புது விதி அப்பழைய எண்ணத்தின் மேல் ஒட்டப்பட்டதேயன்றி, அதனைப் பெயர்க்கவில்லை.

அவ்விடையை அடியாது விட்டு, "ஐந்தில் இரண்டு பெரிதா, அரை பெரிதா?" என்று ஒரு வினாவை மட்டும் கேட்டுப் பார்ப்போம். ஐந்தில் இரண்டு அரையினும் குறைவு என்பதனை அவன் சிறிது எண்ணிக் கண்டுகொள்வான். அரையோடு ஒன்றைக் கூட்டிய பின்னர் அரையினும் குறைவது எங்ஙனம் என்னும் திகைப்பு அப்போது அவனுக்கே உண்டாகும். அத்திகைப்புத் தோன்றிய கணத்திலேதான் கற்றல் தொடங்குகின்றது. பின்னர் ஒரு தாளை ஆறு சம பாகமாக மடித்து, அரையென்பது மூன்று பாகம், மூன்றில் ஒன்றென்பது இரண்டு பாகம், ஆக ஐந்து பாகம் என்று அவனும் அருகிலிருப்பவனும் தாமே எண்ணிக் காண்பர். ஆறில் ஐந்து என்னும் விடை இப்போது அவர்களுடையது. அதனை அவன் மற்றொருவனுக்கு விளக்குவானாயின் என்றும் மறவான். ஆசிரியன் இங்கே செய்தது ஒரு வினாவும் ஒரு தாளும் தந்தமையே. அவனுடைய காற்கூறு அவ்வளவே. ஏனைய முக்காற்கூறும் நிகழ்தற்கு இடம் வகுத்ததே அவன் திறம்.

எஞ்சிய அரைக்கூறாகிய பிறர்க்கு உரைத்தலைப் பற்றி இனிக் கூறுவோம். இதற்குத் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஒரு வழி இருந்தது. ஓர் உபாத்தியாயர் பல நிலையிலுள்ள பிள்ளைகளை ஒருங்கே வைத்துக் கற்பிக்க வேண்டியிருந்தமையால், முன்னேறிய பிள்ளை ஒருவன் சட்டாம்பிள்ளையாகி இளையோர்க்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்தான். இளையோர் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை வரைந்து, வாயாற் சொல்லிக் கற்றனர்.

1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர் மக்களுக்கென நிறுவப்பட்ட அநாதைச் சிறுவர் விடுதியில் கல்வித் தலைமை பூண்ட ஆண்டுரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுக் குருவானவர், ஒருநாள் அயலிலிருந்த பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அம்முறையைக் கைக்கொள்ளுமாறு துணையாசிரியர்களிடம் கூறினார். அவர்கள் அது நடவாதென்று கைவிரித்தனர். பெல் அவ்வேலையை ஏறத்தாழ எட்டு வயதுள்ள சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்தார். அவன் அதனைச் செய்து முடித்தான். அதுமுதல் சிறுவரைக் கொண்டே சிறுவர்க்குக் கற்பிக்கும் முறையை அவர் அங்கே நிலைநாட்டினார். 1796-இல் தாய்நாடு திரும்பி, 1797-இல் இதனை நூலாக வெளியிட்டார். அஃது இங்கிலாந்தில் 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்றது. 1798-இல் இலண்டனில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் இதனைப் போன்ற முறையைப் பரப்பினார். பெல்லின் பொருளால் எழுந்த பள்ளியொன்று ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மதராஸ் கலாசாலை' என்னும் பெயரோடு இன்றும் விளங்குகின்றது.

இதனைக் கேட்டு நாம் பெருமை கொள்வது இயல்பே. ஆயினும் ஆசிரியராக விழைவோர் அவ்வரலாற்றின் பிற்பகுதியையும் அறிதல் வேண்டும். இங்கிலாந்தில் அம்முறை ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நிறுத்தி, குறைந்த செலவில் கற்பிக்கும் இயந்திரமாக மாறியது. சட்டாம்பிள்ளைகள் தாம் பொருளறியாதவற்றையே பிறர் வாயில் ஏற்றினர். நாளடைவில் அது மதிப்பிழந்து, பயிற்சி பெற்ற ஆசிரியர்க்கு இடந்தந்து ஒழிந்தது. குறை எங்குள்ளது? பவணந்தியார் கணக்கின்படி, அரைப்பங்கு புலமை வருவது உரைப்பவனுக்கு. என்றும் ஒருவனே சட்டாம்பிள்ளையாக நிற்பானாயின் அவ்வரைப்பங்கு முழுவதும் அவ்வொருவனுக்கே சேரும். கேட்டுக்கொண்டிருக்கும் ஏனையோர்க்கு அதிற் பங்கில்லை. முன்னரே வல்லவன் மேலும் வல்லவனாவான். பின்தங்கியவன் பின்னரே நிற்பான். இக்காலத்து வகுப்புகளிலும், விடை தெரிந்த நான்கைந்து பேரையே எழுப்பிப் பேசவைக்கும் ஆசிரியன் இதனையே செய்கின்றான். ஆதலின், எடுத்துரைக்கும் வாய்ப்பு வகுப்பிலுள்ள ஒவ்வொருவருக்கும் முறை வைத்து வருதல் வேண்டும் என்பது எம் கொள்கையில் முதன்மையானது. தடுமாறிப் பேசுவோனுக்கே அம்முறை இருமுறை வரினும் தகும்.

இதுகாறும் நன்னூலை வழிகாட்டியாகக் கொண்டோம். இனி அதனோடு மாறுபடும் இடத்திற்கு வருவோம். அந்நூல் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்துகின்றது. அன்னமும் பசுவும் முதல்வகைக்கு உவமை. மண்ணும் கிளியும் இடைவகைக்கு உவமை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை என்பன கடைவகைக்கு உவமை. இதனோடு அமையாது, பாடஞ்சொல்லத் தகாதார் இவரென ஒரு பட்டியலும் தருகின்றது. கள்வனும் வஞ்சகனும் அதில் இருத்தல் ஒருபுறமிருக்க, சோம்பலுடையோன், நோயாளி, உறங்குவோன், மந்தபுத்தி உடையோன் ஆகியோரும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றனர். ஆசிரியன் தன் விருப்பப்படி மாணவரைத் தேர்ந்துகொண்ட காலத்தில், அரிதிற் பெற்ற நூலைத் தக்கோரிடம் சேர்ப்பிக்கக் கருதி எழுந்த விதி அஃது. அதனை அக்காலத்தின்மேல் வைத்தே அறிதல் வேண்டும்.

அவ்விதி ஏட்டில் மட்டும் இருந்ததன்று. நாட்டிலும் அதனினும் கொடிய விலக்குகள் இருந்தன. சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய விசாரணையின் பயனாக, 1 கோடியே 28 இலட்சத்திற்கு மேற்பட்ட மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தமை தெரியவந்தது. ஏறத்தாழ ஆயிரவர்க்கு ஒரு பள்ளி என்பது அக்காலத்திற்குச் சிறிய தொகையன்று. ஆயினும் அப்பள்ளிகளில் பெண்மக்கள் மிகச் சிலரே. தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்டவர்க்குத் திண்ணையை அணுகவும் பல இடங்களில் வழியில்லை. அவ்விலக்குகளைத் தகர்ப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட முயற்சி வேண்டியிருந்தது. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிற்று. பாடஞ்சொல்லத் தகாதார் என்னும் பட்டியலை அச்சட்டம் ஒரேயடியாக அழித்துவிட்டது. சட்டம் அழித்த பட்டியலை ஆசிரியன் தன் உள்ளத்தில் வைத்துக்கொண்டிருக்கலாகாது என்பதே எம் துணிவு.

உறங்குவோன் ஏன் உறங்குகின்றான் என்று முதலில் வினவுதல் வேண்டும். காலையில் உண்ணாது வந்தவன் கண் செருகுதல் மடியன்று. இதனை அறிந்தே சென்னை நகராட்சி 1920-இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் உணவளிக்கத் தொடங்கிற்று. காமராசர் முதலமைச்சராயிருந்தபோது 1956-இல் மதிய உணவுத் திட்டம் பல பள்ளிகளுக்குப் பரவிற்று. 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் காலையுணவும் வழங்கத் தொடங்கினர். கரும்பலகையிலுள்ளதைப் பிழைபட எழுதும் சிறுமி கவனமற்றவளாக இல்லாமல், கண்ணாடி வேண்டியவளாக இருக்கலாம். அழைத்தால் திரும்பிப் பாராதவனுக்குச் செவியில் குறை இருக்கலாம். ஓட்டைக் குடம் என்று நாம் எண்ணும் பிள்ளையின்மேல், குடத்தின் வாய் கொள்ளும் அளவறியாது விரைந்து நீரைக் கொட்டிய குற்றம் நம்முடையதாகவும் இருக்கலாம்.

மந்தர் எனப்பட்டோரைப் பற்றி மரியா மாண்டிசோரி அம்மையார் வாழ்க்கையில் ஒரு சிறந்த சான்று உண்டு. மருத்துவராகிய அவர், 1900-ஆம் ஆண்டையொட்டி உரோமை நகரில், அறிவு வளர்ச்சி குன்றியவரென ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கற்பித்தார். அவர்களுட் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, பொதுப் பள்ளிப் பிள்ளைகளோடு தேர்வெழுதித் தேறினர். கண்டோர் அம்மையாரின் திறமையை வியந்தனர். அவரோ வேறொன்றை வியந்தார்: குறையுடைய குழந்தைகள் இவ்வளவு எய்துவராயின், குறையற்ற குழந்தைகளைப் பள்ளிகளில் இவ்வளவிலேயே தடுத்து நிறுத்துவது யாது என்று சிந்தித்தார். அச்சிந்தனையின் பயனாகவே 1907-இல் உரோமையின் ஏழைமக்கள் பகுதியாகிய சான் லோரென்சோவில் முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939-இல் அவர் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். போரின் காரணமாக 1946 வரை இந்நாட்டிலேயே தங்கினார். அவர் முறையில் ஆசிரியனின் முதற்கடமை, பேசுவதற்கு முன்னர்க் குழந்தையைக் கூர்ந்து நோக்குதல். பவணந்தியார் கேட்போனின் ஆற்றலை அறிக என்று கூறியதும் இதுவே. இருவர்க்கும் இடையில் ஏழு நூற்றாண்டும் இரு நாடும் கிடப்பினும் கருத்து ஒன்றாயிற்று.

தண்டனையைப் பற்றி நீள உரைக்க வேண்டுவதில்லை. கோதண்டம் போடுதல் முதலிய பழைய தண்டனைகள் மறைந்தன. உடலை வருத்துவதையும் உள்ளத்தைத் துன்புறுத்துவதையும் மேற்கூறிய சட்டத்தின் 17-ஆம் பிரிவு விலக்குகின்றது. பிரம்பு ஒழிந்த இடத்தில் ஏளனச் சொல் வந்து அமராதபடி காத்தல் ஆசிரியன் கையிலுள்ளது. அச்சத்தால் அடங்கிய வகுப்பும், வேலையில் ஆழ்ந்து அமைதியான வகுப்பும் வெளியிலிருந்து பார்ப்போர்க்கு ஒன்றுபோலத் தோன்றும். ஆசிரியன் அறையைவிட்டு வெளியே சென்று சிறிது நேரம் நின்றால் வேறுபாடு விளங்கிவிடும்.

"இவையெல்லாம் கூறுதற்கு இனியன, ஐம்பது பிள்ளைகளும், முடிக்கவேண்டிய பாடத்திட்டமும், எதிரே நிற்கும் தேர்வும் உள்ள வகுப்பில் இவை நடைபெறுமோ?" என்று அனுபவம் மிக்க ஆசிரியர் கேட்டல் கூடும். அக்கேள்வி நியாயமானது. ஒவ்வொரு பாடத்தையும் பிள்ளைகளே கண்டுபிடிக்குமாறு விட்டால், ஆண்டு முடிவில் பாதி நூல் எஞ்சி நிற்கும். சொல்லித்தர வேண்டியவற்றைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் சொல்லித்தருதல் ஆசிரியன் கடன். காற்கூறு என்பது சிறிதாயினும் இன்றியமையாத கூறு. அதனை யாம் குறைத்து மதிப்பிடவில்லை. அதுவே முழுமை என்று எண்ணும் எண்ணத்தையே மறுக்கின்றோம். நாற்பது நிமிடப் பாடத்தில் பத்து நிமிடத்தைப் பிள்ளைகள் தம்முள் உரைத்துக்கொள்வதற்கு விடுதல் எவ்வகுப்பிலும் இயலும். விளங்காத பாடத்தை மும்முறை சொல்லுவதற்குச் செல்லும் காலத்தைவிட அது மிகுதியன்று.

ஆகவே, பணியில் அமர்ந்த முதல் நாள்தொட்டு யாம் கைக்கொள்ளக் கருதுவன இவை. முதலாவது, வகுப்பில் வரும் பிழையான விடைகளைத் தனிக் குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி, ஒவ்வொன்றன் பின்னும் உள்ள காரணத்தைத் தேடுதல். இரண்டாவது, ஒரு பிள்ளையை மந்தன் என்று எண்ணுமுன், அவன் பசி, பார்வை, செவி, வீட்டு நிலை என்னும் நான்கினையும் அறிதல். மூன்றாவது, ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளைகள் தம்முள் ஆராய்வதற்கும் ஒருவர்க்கொருவர் உரைப்பதற்கும் காலம் ஒதுக்கி, வாரத்தில் ஒருமுறையேனும் வகுப்பிலுள்ள ஒவ்வொருவரும் எடுத்துரைக்குமாறு செய்தல். நான்காவது, விளங்காதபோது 'விளங்கவில்லை' என்று அஞ்சாது சொல்லும் பிள்ளையைப் பாராட்டுதல். அவனே ஆசிரியனுக்கு வழி காட்டுவோன். ஐந்தாவது, கற்றலை ஒருநாளும் நிறுத்தாமை. நன்னூற் கணக்கு உண்மையாயின், கற்பிக்கும் தொழிலில் அமைந்தவனுக்கே புலமையின் அரைப்பங்கு வந்து சேர்கின்றது. ஊதியத்தோடு கல்வியும் ஈட்டும் தொழில் இதுபோல் பிறிதில்லை.

இக்கலாசாலையில் பயின்று, பல ஊர்ப் பள்ளிகளில் நெடுங்காலம் உழைத்த மூத்தோர் பலர் இவ்விதழைப் படிப்பர். எம் கணக்கில் குறை காணின் அவர்கள் அடுத்த இதழில் எழுதித் திருத்துவாராக. கடைப் பலகைப் பிள்ளை ஒருவனை எவ்வாறு எழுந்து பேசவைத்தனர் என்பதனையும் உடன் எழுதுவாராக. அஃது ஒன்றே, ஆசிரியராகப் புகும் எம்மனோர்க்குப் பல நூல்களினும் பெரும்பயன் விளைப்பதாகும்.